டென்னிஸ் ஆடும் மகளுக்கு இப்போதே எதற்கு வருமான வரி ரிட்டர்ன்?

"சார், பொண்ணு இன்னும் சம்பாதிக்கவே ஆரம்பிக்கலை. அதுக்குள்ள எதுக்கு ரிட்டர்ன்?" டென்னிஸ் ஆடும் பெண்ணின் அப்பா அம்மா யார் வந்தாலும் ஆடிட்டரான என்னிடம் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சம்பாதிக்காத வருடத்துக்குத்தான் முக்கியமாகப் போட வேண்டும் என்று நான் சொன்னால், ஃபீஸுக்காகச் சொல்கிறேனோ என்று ஒரு பார்வை வரும். அது பரவாயில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. பயிற்சிக்கும் பயணத்துக்கும் இடத்தை விற்கத் துணிகிற குடும்பங்கள்கூட, இந்தத் தொழிலில் பணம் எந்த இடத்தில் வர ஆரம்பிக்கும் என்று விசாரிப்பதில்லை.

முதலில் ரேங்க். சானியா மிர்சா ஒற்றையரில் 27ஆம் இடம் வரை போனார். கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்று சரித்திரம் படைத்தவர். அவருடைய உச்ச ரேங்க் 134. அங்கிதா ரெய்னா 2018 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் வெண்கலம் வாங்கியவர், 2020இல் 160ஆம் இடத்தைத் தொட்டவர். இத்தனைக்கும் கிராண்ட் ஸ்லாம் என்ற நான்கு பெரிய போட்டிகளின் ஒற்றையரில் தகுதிச் சுற்றைத் தாண்டி மெயின் டிரா என்ற பிரதான சுற்றுகளுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. உலகத்தில் 160ஆவது! உலகின் 160ஆவது ஆடிட்டராக நான் இருந்திருந்தால் இந்த ஆபீஸ் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்திருக்காது.

இவர்களுக்குக் கீழே இருப்பதுதான் பெரும்பான்மையான பெண்களின் உலகம். ஐடிஎஃப் என்ற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பெண்கள் போட்டிகளில் அடிமட்டம் டபிள்யூ 15. போட்டி முழுவதற்குமான பரிசுத் தொகை 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் இரண்டாயிரம் டாலரைச் சுற்றிக் கிடைக்கும், ரேங்கிங் பாயிண்ட் 15. முதல் சுற்றில் தோற்றால் 150 டாலர் அளவில் ஏதோ வரும், பாயிண்ட் பூஜ்யம். டிக்கெட், ரூம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றும் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதனால்தான் துருக்கியின் அன்டால்யா, துனீசியாவின் மொனாஸ்திர், எகிப்தின் ஷாம் எல் ஷேக் மாதிரி ஊர்களில் வாராவாரம் அடுத்தடுத்து போட்டி நடக்கிறது. ஒரே டிக்கெட்டில் போய் மூன்று, நான்கு வாரம் ஆடிவிட்டு வரலாம். நம் ஊர் பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. என்ட்ரி முடிவது போட்டிக்கு இரண்டரை வாரம் முன்னால்தான். இடம் உறுதியான பிறகு ஐரோப்பிய விசாவுக்கு ஓடினால் பாதி நேரம் கைக்கு வராது.

வாங்கிய பாயிண்டும் நிலைக்காது. 52 வாரம் கழிந்ததும் தானாகக் கழன்றுவிடும். போன வருடம் இதே வாரத்தில் பட்டம் வென்றிருந்தால், இந்த வருடம் அதே அளவு பாயிண்ட் சம்பாதித்தால்தான் நின்ற இடத்தில் நிற்க முடியும். காய்ச்சலில் படுத்தாலும், பணமில்லாமல் வீட்டில் இருந்தாலும் ரேங்க் இறங்கும். வட்டிக்கு வாங்கி மகளை அனுப்புகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடன் நிற்கும், பாயிண்ட் நிற்காது.

எந்த ரேங்கில் கையைக் கடிக்காது? ஐடிஎஃப் 2013ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு பெண் வீராங்கனையின் ஆண்டுச் செலவு சராசரியாக 40,180 டாலர், அதுவும் பயிற்சியாளர் செலவு சேர்க்காமல். வரவும் செலவும் சரியாகும் இடம் 253ஆம் ரேங்க். அந்த வருடம் புரொபஷனல் போட்டி ஆடியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பரிசுப் பணமே பார்க்கவில்லை. பழைய கணக்குதான், தொகைகள் மாறியிருக்கும். ஆனால் கோடு ஏறத்தாழ அங்கேயேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏனென்றால் கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுக்கான கட் ஆஃப் அந்தப் பக்கத்தில்தான் விழும். 2024 யுஎஸ் ஓப்பன் தகுதிச் சுற்றின் முதல் மேட்ச்சில் தோற்றவருக்கே 25,000 டாலர். டபிள்யூ 15 பட்டங்கள் பத்து வென்றாலும் அவ்வளவு வராது. 220இல் இருப்பவருக்கும் 280இல் இருப்பவருக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, பாஸ்புக்கில் இருக்கும்.

சரி, ரிட்டர்னுக்கு வருவோம். புரொபஷனலாக ஆடுகிறவரின் பரிசுப் பணம் தொழில் வருமானம். டிக்கெட், ரூம், கோச் சம்பளம், ஃபிசியோ, ராக்கெட் எல்லாம் தொழில் செலவு. வரவை மிஞ்சிய செலவு தொழில் நட்டம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த நட்டத்தை எட்டு வருடம் வரை எடுத்துப் போகலாம். பின்னால் தொழிலில் லாபம் வரும்போது கழித்துக்கொள்ளலாம். கெடு தாண்டினால் அந்த வருட நட்டம் போனதுதான். ஆறு வருடம் நட்டப்பட்டு ஏழாவது வருடம் ஸ்லாம் தகுதிச் சுற்றுக்குள் நுழையும் பெண், முன்பே கணக்கு வைத்திருந்தால் அந்தப் பணத்தில் பெரும்பகுதிக்கு வரி கட்ட வேண்டியிருக்காது. அமெரிக்காவில் வெளிநாட்டு வீரர்களின் பரிசில் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிடித்ததற்கான சான்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். இங்கே கட்ட வேண்டிய வரியில் அதைக் கழிக்க வழி இருக்கிறது.

ஐடிஎஃப் போட்டியை 14 வயதிலிருந்தே, எண்ணிக்கை வரம்போடு, ஆடலாம். மைனர் பிள்ளையின் வருமானம் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேரும். சொந்தத் திறமையால் ஈட்டியது சேராது, அது பிள்ளையின் பெயரிலேயே கணக்காகும். ஆகவே பான் கார்டும் தனி வங்கிக் கணக்கும் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். செலவு எல்லாம் அப்பாவின் கிரெடிட் கார்டில் போனால் அது மகளின் தொழில் செலவு என்று நிரூபிப்பது கஷ்டம். அப்பா முதலில் மகள் கணக்குக்குப் பணம் மாற்றட்டும். அப்பா மகளுக்குத் தரும் பரிசுக்கு வரி இல்லை. அங்கிருந்து செலவு போகட்டும்.

அப்புறம் பில். பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அன்டால்யாவில் நரம்பு மாற்றிய பில், மொனாஸ்திரில் டாக்ஸிக்குக் கொடுத்த பில், எல்லாம் வழவழப்பான தெர்மல் தாள். ஆறு மாதத்தில் எழுத்து மறைந்து வெறும் வெள்ளைச் சுருள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, எந்த ஊர், எந்தப் போட்டி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இது தொழிலா, பொழுதுபோக்கா என்று அதிகாரி கேட்டால் இதுவும் போட்டி அட்டவணையும் ரேங்கிங் வரலாறும்தான் பதில் சொல்லும்.

ஸ்பான்சர் ஒப்பந்தம், அகாடமி ஒப்பந்தம் எதிலும் "வருங்காலப் பரிசுத் தொகையில் இத்தனை சதவீதம்" என்று இருந்தால், எத்தனை வருடத்துக்கு, எந்த உச்சவரம்பு வரை என்று பாருங்கள். முடிவுத் தேதி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்கக் கல்லூரியில் டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கனவு இருந்தால், பரிசுப் பணத்தைத் தொடுவதற்கு முன்பே அங்குள்ள விதிகளைக் கேட்டுத் தெளியுங்கள்.

பெற்றோர் பேசத் தயங்கும் விஷயம் பந்தயக்காரர்கள். டென்னிஸின் நேர்மை குறித்து 2018இல் வந்த தனி விசாரணைக் குழு அறிக்கை, சூதாட்ட ஆபத்து அதிகம் அடிமட்டப் போட்டிகளில்தான் என்றது. செலவுக்கே காசில்லாத வீரர்கள், யாரும் பார்க்காத மேட்ச், ஆனால் ஒவ்வொரு பாயிண்டும் பந்தயச் சந்தைக்கு நேரலையாகப் போனது, இவைதான் அது சொன்ன காரணங்கள். இன்ஸ்டாகிராமில் மெசேஜ் வரும். மேட்ச்சைத் தோற்கச் சொல்லமாட்டார்கள், ஒரு கேமை மட்டும் விடச் சொல்வார்கள். மறுத்தால் மட்டும் போதாது. ஐடிஐஏ என்ற சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். தோற்ற பிறகு வசையும் மிரட்டலும் வருவது வேறு. 2024இல் 458 வீராங்கனைகளும் வீரர்களும் இப்படிக் குறிவைக்கப்பட்டதாக பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவும் ஐடிஎஃப்பும் சொன்னார்கள். அந்த வசைகளில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அனுப்பியவை. மகளின் போனை ராத்திரி நீங்கள் வாங்கி வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

வங்கி ஸ்டேட்மெண்ட்டை மாதம் ஒருமுறை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். யார் அனுப்பியது என்று அவளால் சொல்ல முடியாத வரவு ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அவளைத் திட்டாமல் முழுக்கதையையும் கேளுங்கள், ஐடிஐஏவுக்கு எழுதுங்கள், அப்புறம் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள்.