ஃபியூஸ்: உருகியா, உருக்கியா?

ஃபியூஸ் (பேச்சில் பியூஸ், பீஸ்): மின்னோட்டம் அளவு மீறும்போது தானே சூடேறி உருகி அறுந்து, சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய உலோக இழை, அந்த இழையை அடக்கிய சிறு குப்பியையும் குறிக்கும். தமிழில் உருகி, மின்னுருகி. உள்ளே இருக்கும் கம்பியை மட்டும் சொல்ல வேண்டுமானால் உருகு இழை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. வெடியைப் பற்றவைக்கும் ஃபியூஸ் இத்தாலிய ‘ஃபூசோ’ வழியாக லத்தீன் ‘ஃபூசுஸ்’ என்பதிலிருந்து வந்தது. நூல் நூற்கும் கதிர் என்று பொருள். ‘உருகு, உருக்கு’ என்னும் வினையான ஃபியூஸ், ஊற்றுவதையும் உருக்குவதையும் குறித்த லத்தீன் ‘ஃபுந்தெரே’யின் வழிவந்தது. 1880களில் மின்சாரத் துறைக்குள் வந்த ஃபியூஸ் இவற்றில் எந்தக் கிளை என்பதில் அகராதிகள் ஒத்துப்போவதில்லை: உருகுவதால் வந்த பெயர் என்கின்றன சில, கதிர் போன்ற வடிவத்தால் வந்தது என்கின்றன வேறு சில. தமிழில் அந்தக் குழப்பமே எழவில்லை. பட்டாசுக்குத் திரி, மின்சாரத்துக்கு உருகி.

‘உருக்கி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. உருகு தன்வினை, உருக்கு பிறவினை. இன்னொன்றை உருக்குவதுதான் உருக்கி. இந்தக் கருவியோ மற்றவற்றைக் காப்பதற்காகத் தான் உருகுவது. ‘பியூஸ் போன பல்பு’ என்ற வழக்கும் தொழில்நுட்பப்படி சரியில்லை, பல்பில் அறுவது உள்ளே ஒளிரும் இழை. ஆனாலும் வழக்கில் ஊன்றிவிட்டது, இருக்கட்டும்.

உருகி தானாகப் ‘போவதில்லை’. பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைப் போக வைக்கிறது. பிரிட்டன் வீடுகளில் சுவரில் தொங்கும் கேஸ் பாய்லரை எடுத்துக்கொள்வோம். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்க்கும் வெந்நீர் தரும் இந்தப் பெட்டிக்கு மின்சாரம், 3 ஆம்பியர் உருகி பொருத்திய ‘ஃபியூஸ்டு ஸ்பர்’ என்ற சுவர்ப்பெட்டி வழியாக வரும். எரிவது கேஸ் என்பதால் மின்சாரச் செலவு மிகக் குறைவு: மின்விசிறி, பம்பு, இவற்றை இயக்கும் மின்பலகை (பி.சி.பி.) எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 வாட், அதாவது 230 வோல்ட்டில் முக்கால் ஆம்பியருக்கும் கீழே. 3 ஆம்பியர் உருகியோ தன் அளவைக் காட்டிலும் சற்றுக் கூடுதலான மின்னோட்டத்தில் உடனே அறுந்துவிடாது. ஆகவே அது அறுந்தால் சுமை கூடிவிட்டது என்று நினைக்க இடமில்லை. பெரும்பாலும் எங்கோ குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்).

பாய்லரின் திரை முழுதும் இருண்டிருந்தால் முதலில் மெயின் பெட்டியைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.டி. விழுந்திருந்தால், பெரும்பாலும் ஈரம் பட்டு மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது. அது விழாமல் உருகி மட்டும் அறுந்திருந்தால், லைனும் நியூட்ரலும் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இது முற்றுமுடிவான விதி இல்லை, தேட ஒரு திசை காட்டும்.

அடுத்து ஸ்பர் சுவிட்சை அணைத்து, உருகி இருக்கும் சிறு தட்டைத் திறந்து உருகியை எடுக்க வேண்டும். அது பீங்கான் உறை போட்ட, 25 மி.மீ. நீளமுள்ள குப்பி, கண்ணால் பார்த்து ஒன்றும் தெரியாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனையும் தொட்டால், நல்ல உருகி ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். அறுந்தது முடிவிலி காட்டும். புதிய 3 ஆம்பியர் உருகியை ஒரே ஒரு முறை போட்டுப் பார்க்கலாம், பழைய உருகி வயதாகிப் போயிருக்கவும் கூடும். கையில் இருக்கிறதே என்று 13 ஆம்பியர் உருகியைச் செருகக் கூடாது. பாய்லருக்குப் போகும் 0.75 சதுர மி.மீ. கம்பி தாங்குவது 6 ஆம்பியர்தான். அடுத்த குறுக்குச்சுற்றில் உருகிக்கு முன்னால் கம்பியோ மின்பலகையோ வெந்துவிடக் கூடும்.

புதியதும் அறுந்தால், எப்போது அறுந்தது என்பதுதான் பெரிய தடயம். சுவிட்சைப் போட்டவுடனே என்றால் இணைப்புக் கம்பி, அல்லது மின்பலகையின் நுழைவாயிலில் உள்ள வேரிஸ்டர்; மின்னழுத்த எகிறலை விழுங்கி விழுங்கிக் கடைசியில் அதுவே குறுக்குச்சுற்றாகி நிற்கும். வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது என்றால் விசிறி அல்லது பம்பு. குழாய்க்கு வெந்நீர் வந்தும் ரேடியேட்டரை இயக்கும்போது மட்டும் அறுந்தால், 230 வோல்ட்டில் ஓடும் அறைத் தெர்மோஸ்டாட்டின் கம்பியில் யாரோ ஆணி அடித்திருக்கலாம். மழைக்குப் பின் மட்டும் என்றால் வெளிச்சுவரில் போகும் கம்பியைச் சந்தேகியுங்கள். பெட்டிக்குள்ளே ஈரத்துக்குப் பெரிய காரணம் காற்று வெளியேற்றும் வால்வும் பம்பு சீலும் கசிவதுதான். கசிவை அடைக்காமல் உலர்த்தி மட்டும் விட்டால் சில நாளில் மறுபடி அதே கதை.

இதற்கு மேல், பாய்லரின் உறையைக் கழற்றும் வேலை, கேஸ் வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பிரிட்டன் பதிவேடான ‘கேஸ் சேஃப்’பில் பதிவு பெற்றவருடையது. அவர் சுவிட்சை நம்பமாட்டார்: சோதனைக் கருவியை மின்சாரம் உள்ள இடத்தில் பார்த்து, பிறகு பாய்லரில் பார்த்து, திரும்பவும் மின்சாரம் உள்ள இடத்தில் பார்த்த பின்பே கையை வைப்பார். பிறகு விசிறி, பம்பு, வெந்நீரை ரேடியேட்டர் பக்கமோ குழாய்ப் பக்கமோ திருப்பும் திசைமாற்று வால்வு ஆகியவற்றின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி அளப்பார். பழைய வகைப் பம்பின் சுருளில் நூறு, சில நூறு ஓம் வர வேண்டும். சில ஓம் மட்டும் வந்தால் சுருள் வெந்துவிட்டது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய பம்புகளை இப்படி அளக்க முடியாது.

மின்பலகையில் 20 மி.மீ. நீளத்தில் இன்னொரு உருகி உண்டு. அதன் முனையில் பொறித்த எழுத்தைப் படிக்காமல் மாற்றுவதுதான் பரவலான தவறு. ‘டி’ (T) என்பது ஜெர்மன் ‘ட்ரேகெ’, மந்தமானது: பம்பு தொடங்கும்போது வரும் நொடிநேர எகிறலைப் பொறுக்கும். ‘எஃப்’ என்பது ‘ஃப்ளிங்க்’, சுறுசுறுப்பானது: அதை டி-க்குப் பதில் போட்டால் பழுதே இல்லாமலும் அறுந்து, தேடுபவரைச் சுற்றலில் விடும். பின்னால் வரும் ‘எச்’, ‘எல்’ என்பவை எவ்வளவு பெரிய மின்னோட்டத்தைப் பாதுகாப்பாகத் துண்டிக்கும் என்பதைச் சொல்பவை. எச் வகை 1500 ஆம்பியர் வரை தாங்கும். கண்ணாடியால் ஆன எல் வகை தாங்குவது வெறும் 35 ஆம்பியர் அளவே. எச் இருந்த இடத்தில் எல் போட்டால் பெரிய குறுக்குச்சுற்றில் கண்ணாடி வெடிக்கக் கூடும்.

கண்ணாடி உருகியில் ஒரு வசதி: குழாய் கறுத்தோ வெள்ளிப் பூச்சு படிந்தோ இருந்தால் கடும் குறுக்குச்சுற்று, இழை நடுவில் மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் மெதுவான மிகைச்சுமை. சில பலகைகளில் உருகியைக் கழற்ற முடியாதபடி ஈயப் பற்று வைத்தே விடுகிறார்கள், அங்கே பலகையையே மாற்றச் சொல்வார்கள். மாற்றுவதற்கு முன் பம்பையும் விசிறியையும் அளந்துவிட வேண்டும். குறுக்குச்சுற்று அங்கே இருந்தால் புதிய பலகையின் உருகியும் முதல் நிமிடத்திலேயே அறுந்துவிடும்.