போர்ட்டிகோ என்றால் முகமண்டபம்

வீடு கட்டுகிறவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல் போர்ட்டிகோ. "போர்ட்டிகோவுக்கு சென்ட்ரிங் அடிச்சாச்சு" என்று மேஸ்திரி சொன்னால், வாசலுக்கு முன்னால் கார் நிற்கப் போடுகிற கான்கிரீட் கூரை என்று நமக்குப் புரிந்துவிடும். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் பற்றிப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றின் போர்ட்டிகோவைக் 'கார் நிறுத்துமிடம்' என்று தமிழாக்கியிருந்ததைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தக் கட்டடத்தின் முகமே அதுதான். அதைப் போய்க் கொட்டகையாக்கிவிட்டார்களே!

வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா' என்ற லத்தீன் சொல்லோடு உறவுடையது 'போர்ட்டிகஸ்'. தூண்கள் தாங்கும் கூரையின்கீழ் நடந்து செல்லும் இடம் என்று அதற்குப் பொருள். இத்தாலியர் வாயில் அது போர்ட்டிகோ ஆனது. ஆங்கிலம் அதை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதே லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் போய்ப் 'போர்ச்' ஆகியிருந்தது. ஆக, நம் வீட்டு வரைபடங்களில் மாறிமாறி எழுதப்படும் போர்ச்சும் போர்ட்டிகோவும் ஒருதாய் மக்கள். கிரேக்கர் 'ஸ்டோவா' என்று அழைத்த தூண் மண்டபத்தையும் ரோமானியர் போர்ட்டிகஸ் என்றே சொன்னார்கள். ஏதென்ஸில் அப்படியொரு மண்டபத்தில் ஜீனோ என்ற தத்துவ ஞானி பாடம் சொன்னதால்தான் அவர் வழி வந்தவர்களுக்கு ஸ்டோயிக்குகள் என்று பெயர். மண்டபத்தார் என்பதே அதன் நேர்ப்பொருள்.

கட்டடக்கலையில் இதன் இலக்கணம் கறாரானது. வாயிலுக்கு முன்னால் தூண் வரிசை வேண்டும். தூண்களின் தலைமேல் கிடையாக உத்தரம் ஓட வேண்டும். பெரும்பாலும் அதற்கும் மேலே 'பெடிமென்ட்' எனும் முக்கோண முகப்பு அமரும். தூண்கள் நான்கு, ஆறு, எட்டு என்று இரட்டைப்படையில் வரும். அப்போதுதான் நடுவில் தூண் மறைக்காமல் வாசல் திறந்திருக்கும். தூண் வரிசை வெளியே நீளாமல் கட்டடத்துக்குள்ளேயே ஒடுங்கியிருந்தால் அதற்கு 'லோஜியா' என்று வேறு பெயர்.

இந்த உருவம் முதலில் கோயிலுக்கு உரியது. கிரேக்க, ரோமானியக் கோயில்களின் முகத்தை எடுத்து மனிதர் குடியிருக்கும் வீட்டில் பொருத்தியவர்களில் முதன்மையானவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆந்திரேயா பல்லாதியோ. 1570இல் வெனிஸில் வெளிவந்த தன் கட்டடக்கலை நூலில் அதற்கு அவர் நியாயமும் சொன்னார்: முதலில் தோன்றியது வீடு, அதைப் பார்த்துத்தான் கோயில் கட்டினார்கள், ஆகவே வீட்டுக்கு அந்த முகம் பொருந்தும். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் இருநூறு ஆண்டுகள் இந்த வாதத்தின் மேல்தான் நின்றன. நாட்டுப்புற மாளிகை என்றால் கிராமத்து வீடு அல்ல. பெருநிலக்கிழார் குடும்பம் தன் நிலங்களின் நடுவே எழுப்பிய மாளிகை.

பல்லாதியோவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இத்தாலியைச் சுற்றிப் பார்த்தவர் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ். அவருடைய மாணவர் ஜான் வெப், ஹாம்ப்ஷயரில் உள்ள 'தி வைன்' என்ற 16ஆம் நூற்றாண்டின் பழைய செங்கல் வீட்டுக்கு 1654 வாக்கில் ஒரு போர்ட்டிகோ சேர்த்தார். ஆங்கில நாட்டுப்புற மாளிகை ஒன்றில் எழுந்த முதல் போர்ட்டிகோ என்று அதைச் சொல்வார்கள்.

சொல்லின் முழுப்பொருளைக் கண்ணால் காண டெர்பிஷயரில் உள்ள கெடில்ஸ்டன் மாளிகைதான் சரியான இடம். நத்தானியேல் கர்சனுக்காக 1759இல் தொடங்கிய வேலை அது. மேத்யூ பிரெட்டிங்ஹாம், ஜேம்ஸ் பெயின், ராபர்ட் ஆடம் என்று மூன்று கட்டடக் கலைஞர்களின் கை மாறியது. வடக்கு முகப்பில் இலைச் செதுக்கல் கொண்ட தலைகளோடு ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு. விருந்தினர் வண்டியை விட்டிறங்கி, இருபுறமும் உள்ள படிகளில் ஏறி, தூண்களுக்கு நடுவே நடந்துதான் உள்ளே இருக்கும் பளிங்குக் கூடத்துக்குப் போக வேண்டும். ஆடம் வடிவமைத்த தெற்கு முகப்பிலும் தூண்கள் உண்டு. ரோமாபுரியில் உள்ள கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவைப் பார்த்துச் செய்தது. ஆனால் அங்கே தூண்கள் சுவரை ஒட்டியே நிற்கின்றன, நடுவே நின்று மழைக்கு ஒதுங்க இடமில்லை. அதனால் அது போர்ட்டிகோ அல்ல. ஒரே வீட்டின் இரண்டு பக்கங்களில் சொல்லின் எல்லை தெரிந்துவிடுகிறது.

இந்த வீட்டுக்கும் நம் நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி 1799 முதல் 1803 வரை கல்கத்தாவில் கட்டுவித்த அரசு மாளிகைக்கு கெடில்ஸ்டன்தான் முன்மாதிரி. கெடில்ஸ்டனில் நான்கு மூலைக் கட்டடங்கள் திட்டமிட்டு இரண்டுதான் எழுந்தன. கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபு, வைஸ்ராயாக வந்து அந்தக் கல்கத்தா மாளிகையிலேயே குடியிருந்தார்.

வெயிலும் மழையும் மிகுந்த இங்கே, காலனிக்கால பங்களாக்களில் குதிரை வண்டி தூண்களுக்கு இடையே வந்து நிற்கும்படி முகப்பை அமைத்தார்கள். வண்டி நுழையும் இத்தகைய முகப்புக்கு, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட 'போர்ட் கொஷேர்' என்ற தனிச்சொல் இருக்கிறது. நாமோ அதற்கும் போர்ட்டிகோ என்றே பெயர் வைத்துக்கொண்டோம். குதிரை போய்க் கார் வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் என்ன சொல்லலாம்? முன்றில் அழகான சொல். 'இல்முன்' என்பது முன்பின்னாக மாறி 'முன்றில்' ஆனது. ஆனால் அது வீட்டுக்கு முன்னுள்ள திறந்த வெளி, அதற்குக் கூரை இல்லை. தாழ்வாரத்தில் கூரை தாழ்ந்து சரிகிறது. போர்ட்டிகோவிலோ கூரை நிமிர்ந்து நிற்கிறது. திண்ணை உட்காரும் இடம்.

முகமண்டபம்தான் சரி என்பது என் துணிபு. நம் கோயில்களில் அர்த்த மண்டபத்துக்கு முன்னால், தூண்களோடு நிற்கும் மண்டபத்துக்கு அதுவே பெயர். கோயிலின் முகம் வீட்டுக்கு வந்த கதையை இந்தச் சொல் தன்னோடு கொண்டுவருகிறது, வேறெந்தச் சொல்லும் அதைச் செய்யாது. மண்டபம் வடசொல்லாயிற்றே என்பார்கள். பட்டிமண்டபம் என்று காப்பியக் காலத்திலேயே தமிழ் ஏற்றுக்கொண்ட சொல்லை இன்று தள்ளிவைக்க நான் விரும்பவில்லை. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர் 'தூண் முகப்பு' என்று எழுதலாம், பொருள் கெடாது. கார் நிற்கும் கூரைக்கு 'வண்டி முகப்பு' போதும். மேஸ்திரியிடம் மட்டும் போர்ட்டிகோ என்றே சொல்லுங்கள், சென்ட்ரிங் சரியான இடத்தில் ஏற வேண்டும்.