தோட்டாக் கூட்டில் விழுந்த கீறல்

ஏற்காட்டில் நண்பர் வீட்டு அலமாரியில் ஒரு காலித் தோட்டா கிடந்தது. பழைய ரிவால்வர் தோட்டா, எஸ்டேட் துரை காலத்தில் யாரோ சுட்டுப் போட்டது. நீளம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அடியில் பச்சைக் களிம்பு, வாய் விளிம்பிலிருந்து கீழே தலைமுடி மாதிரி ஒரு கீறல். அதைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலையிறங்கி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காய்ச்சாம வேலை வாங்கினா இப்படித்தான் வாய் விடும் தம்பி" என்றார். அவர் ரிவால்வரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் சொன்னது அப்படியே சரி.

ஒரு தோட்டாவில் நாலு சாமான்தான்: முன்னால் ஈயக் குண்டு, உள்ளே மருந்து, பின்பக்கம் நடுவில் மருந்தைப் பற்றவைக்க ஒரு குட்டிக் கேப், இதெல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப் செத்துவிடும். மிச்சம் நிற்பது கூடுதான், அதற்குத்தான் விலையும் அதிகம். அதனால் அமெரிக்கா பக்கம் 1873-இல் வந்த கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர் மாதிரி பழைய மாடல்களை வைத்துச் சுடுகிறவர்கள் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி நிரப்புகிறார்கள். (நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் நமக்கு இது படித்து ரசிக்கிற சமாச்சாரம் மட்டும்.)

ஏன் பித்தளை? கார் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். அந்த 1873 ரிவால்வரின் .45 தோட்டாவுக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 14,000 பவுண்டு, அதுவே துப்பாக்கி உலகத்தில் சாதுவான கணக்கு. அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய வாய் விரிந்து, ரிவால்வரின் சுற்றும் உருளையில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு அப்பிக்கொள்ளும், அதனால் நெருப்பும் வாயுவும் சுடுகிறவன் முகத்துக்குத் திரும்பி வராது. குண்டு வெளியே போய் அழுத்தம் இறங்கினதும் கூடு துளி சுருங்கிக்கொடுக்கும், விரலால் தள்ளினால் வெளியே வந்துவிடும். விரியவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை இரண்டையும் செய்கிறது.

ஆனால் முழுசாகப் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் மறுபடி நிரப்பும்போது கூட்டை டை என்கிற கெட்டி அச்சுக்குள் தள்ளி இறுக்குவார்கள், குண்டு உட்கார வாயைக் கொஞ்சம் விரிப்பார்கள், குண்டை வைத்த பிறகு வாய் விளிம்பை உள்பக்கமாக மடக்குவார்கள். இந்தக் கடைசி மடிப்பு ரிவால்வருக்கு உயிர்: ஒரு தோட்டா வெடித்துத் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, பக்கத்து அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு முன்னால் நழுவப் பார்க்கும், நழுவி வெளியே நீட்டிக்கொண்டால் உருளை சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வாய் விரிந்து, இறுகி, விரிந்து, மடங்குகிறது. உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், அந்த வரிசையில் இருக்கும் பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. வளைக்க வளைக்கப் புதுப் பிசகுகள் பிறந்து, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒன்றையொன்று நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். உலோகம் விறைத்துப்போகும். அதற்கு மேலும் வளைத்தால் கீறல்தான்.

பட்டறையில் வெள்ளிக் கம்பியை இழுத்து மெல்லிசாக்கும்போதும் இதே கதை. நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை நெருப்பில் காட்டி, மங்கலாகச் சிவந்ததும் தண்ணீரில் போட்டு எடுக்கிறார் அண்ணன். சூட்டில் அணுக்கள் புதுசாக அடுக்கிக்கொள்ள, சிக்கு அவிழ்ந்துவிடும். கத்தி இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் கெட்டியாகும், வெள்ளியும் பித்தளையும் அப்படி ஆகாது. தோட்டாக் கூட்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: வாய்ப்பக்கம்தான் இளக வேண்டும், அடிப்பக்கம் கெட்டியாகவே இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அதனால் அந்தக் காலத்தில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளை நிற்கவைத்து, மேலே தெரியும் வாய்க்கு மட்டும் நெருப்புக் காட்டி, தண்ணீரிலேயே சாய்த்துவிடுவார்கள்.

இதில் நம் நாட்டு மழைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிரிட்டிஷ் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தது. வெயில் வந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாக்கள் சும்மா கிடந்தபடியே கீறியிருந்தன, அதிலும் குண்டைச் சுற்றி வாயை இறுக்கிய இடத்தில். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் காரணத்தை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, இறுக்கத்தோடு நிற்கும் பித்தளையில் குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டும் எல்லைகளை அரித்திருக்கிறது. அம்மோனியா மட்டும் போதாது, உள்ளே தேங்கிய இறுக்கமும் வேண்டும். இன்றைக்கும் கூடுகளைத் துலக்குகிறவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடாமல் இருப்பது இதனால்தான்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். குதிரை மூத்திரத்துக்குச் சிரித்துவிட்டு, "அளவா காய்ச்சி வச்சிருந்தா அதுவும் ஒண்ணும் பண்ணியிருக்காது" என்று அடுத்த கம்பியை நெருப்பில் காட்டினார்.