காளான் மாத்திரை "சுகாதாரப் பொருள்" ஆகுமா?

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர், மகன் சென்னையிலிருந்து அனுப்பிய டப்பாவை என்னிடம் நீட்டினார். உள்ளே காளான் மாத்திரை. "தம்பி, இது சாப்பிடுறதா, கழுவுறதா?" என்றார். டப்பாவில் "இயற்கை சுகாதாரப் பொருள்" என்று போட்டிருந்தது. "நேச்சுரல் ஹெல்த் ப்ராடக்ட்" என்ற ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு இது. இதை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

அக்கா கேட்டதில் தவறே இல்லை. சுகம், ஆதாரம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது சுகாதாரம். ஆனால் புழக்கத்தில் "சுகாதாரக் கேடு" என்றால் சாக்கடையும் ஈயும்தான் கண்முன் நிற்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையம் என்று அரசே எழுதுகிறதே என்பார்கள். சரி, அது ஊருக்கான ஏற்பாடு. தடுப்பூசி, குடிநீர், கொசு ஒழிப்பு எல்லாம் அதில் அடக்கம். ஒரு ஆளின் வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு அந்தச் சொல் ஒட்டாது. கீழக்கரையிலோ தொண்டியிலோ "சுகமா?" என்று கேட்பார்கள், "சுகாதாரமா?" என்று யார் கேட்கிறார்கள்?

"காளான் மருந்து" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஷிடேக் காளானிலிருந்து பிரித்தெடுத்த லென்டினான் என்ற பொருளை ஜப்பானில் புற்றுநோய் சிகிச்சையோடு ஊசியாகப் போட்டிருக்கிறார்கள், உண்மை. அது சுத்திகரித்த மருந்து. இது காளான் பொடி. இப்படிப்பட்ட பொருளில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த டப்பாவிலும் அந்த வரி இருந்தது, ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். தமிழில் கட்டாயம் வர வேண்டிய ஒரே வரியை மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டார். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை விழுங்கியிருந்தால்?

கனடாவில் இத்தகைய பொருள்களுக்கு 2004 முதல் தனி விதிகளே உண்டு. அங்குள்ள பெயரும் அதே ஆங்கிலத் தொடர்தான். அதில் வரும் "ஹெல்த்" உடல்நலத்தைக் குறிக்கிறது, துப்புரவை அல்ல. ஆகவே "இயற்கை நலப்பொருள்" என்பேன். நலம் நம் சொல், எல்லோருக்கும் புரியும்.

காளான் என்ற சொல்லை மாற்ற வேண்டாம். புறநானூறு 164-இல் சமையல் மறந்த அடுப்பில் "ஆம்பி பூப்ப" என்று வருகிறது. அந்த ஆம்பி காளான்தான். அதற்காக "ஆம்பி மாத்திரை" என்று தொடங்கிவிடாதீர்கள். ஐப்பசி மழைக்குப் பின் கறையான் புற்றோரம் முளைப்பதை நம் பிள்ளைகள் காளான் என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் அக்காவின் டப்பாவில் ஒரு தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: "காளான் நலப்பொருள். மருந்து அல்ல. டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடவும்."