ஜாடி நிறையத் தண்ணீர், தாகத்தில் ரோஜா

கடந்த வாரம் மட்டும் மூன்று பேர் எனக்கு ஏறக்குறைய ஒரே படத்தை அனுப்பியிருந்தார்கள். மாடித் தோட்டத்தில் தாங்களே வளர்த்து, வெட்டி, பூ ஜாடியில் வைத்த ரோஜா, மறுநாள் காலைக்குள் கழுத்து மடங்கித் தொங்குகிறது. மூவரும் கேட்ட கேள்வியும் ஒன்றே: "தண்ணீரில் இன்னும் என்ன போட வேண்டும்?" ஓட்டல்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் மலர் அலங்காரம் செய்வதையே தொழிலாகக் கொண்ட நான், இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன். எதையும் போட வேண்டாம். முதலில் ஜாடியைக் கழுவுங்கள்.

மூவரில் ஒருவர் என் தெருக்காரர் என்பதால் நேரிலேயே போய்ப் பார்த்தேன். ஜாடித் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போலக் கலங்கியிருந்தது. நீருக்குள் மூழ்கிய இலைகள் அழுகத் தொடங்கியிருந்தன. காம்பை விரலால் தடவினால் வெண்டைக்காய்ச் சாறுபோல வழுக்கியது. எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார், சற்றுப் பெருமையாகவே.

சர்க்கரை பூவுக்கு உணவு என்பது பொய்யில்லை. செடியிலிருந்து பிரிந்த மொட்டு விரிவதற்கு அது உதவவே செய்கிறது. ஆனால் நீங்கள் வைக்கும் பந்தியில் பூவுக்கு முன்னால் உட்கார்ந்து உண்பவை தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்கள். நம் ஊர் வெப்பத்தில் அவை பெருகுவதற்குக் கேட்கவே வேண்டாம். அவையும் அவை உண்டாக்கும் கொழகொழப்பும் காம்பின் வெட்டுவாயிலுள்ள நுண்குழாய்களை அடைத்துவிடுவதால், ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தலை சாய்கிறது. அதைக் கண்டதும் சத்துப் போதவில்லை என்று இன்னும் ஒரு ஸ்பூன் போடுகிறீர்கள். கடையில் விற்கும் மலர்ப் பொடியிலும் சர்க்கரை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அதில் சர்க்கரையோடு நீரைப் புளிப்பாக்கும் அமிலமும் கிருமிகளை அடக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. மூன்றில் இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாக்டீரியாவுக்கு விருந்து. ஒரு ரூபாய் நாணயம் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: செம்பு கிருமியைக் கொல்லும் என்று கேள்விப்பட்டுப் போடுகிறீர்கள்; இப்போதைய நாணயம் துருப்பிடிக்காத எஃகு, அதில் செம்புக்கு எங்கே போவது?

சர்க்கரை போட்டே தீருவேன் என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி துணி வெளுக்கும் குளோரின் திரவம் என்ற அளவில், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். சாற்றையும் குளோரின் திரவத்தையும் நீர் இல்லாமல் நேரடியாகச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். அந்த விளையாட்டே வேண்டாம். என்னைக் கேட்டால், தினமும் தண்ணீர் மாற்றுகிற வீட்டில் இவை ஒன்றுமே தேவையில்லை.

தெருக்காரரின் ரோஜாக்களுக்கு வருகிறேன். கீழ் இலைகளைக் களைந்து, காம்பைத் தண்ணீருக்குள் பிடித்தபடியே நுனியில் இரண்டு சென்டிமீட்டரைச் சாய்வாக வெட்டினேன். தலைகள் நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளால் இறுகச் சுற்றி, கழுத்தளவுத் தண்ணீர் நிரம்பிய வாளியில், நிழலில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துத் தாளைப் பிரித்தபோது ஐந்தில் நான்கு நிமிர்ந்திருந்தன. ஐந்தாவது பிழைக்கவில்லை; ஒரு நாள் முன்னதாகச் செய்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கலாம்.

பறிப்பதிலேயே பாதித் தவறு நடந்துவிடுகிறது. பூஜைக்குக் கிள்ளிப் பழகிய கை, ஜாடிக்கும் அப்படியே கிள்ளுகிறது. காம்பு நசுங்கிவிட்டால் பிறகு நீர் ஏறுவது எப்படி? கூர்மையான தோட்டக் கத்தரியைக் கழுவி எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் போங்கள். கையோடு ஒரு வாளித் தண்ணீரும் போகட்டும். ரோஜாவில் பச்சைப் புல்லி இதழ்கள் கீழ்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். அவை இன்னும் மொட்டை இறுகப் பற்றியிருந்தால் அது ஜாடியில் விரியாமலே கருகும். சம்பங்கியில் அடியிலுள்ள ஒன்றிரண்டு பூக்கள் விரிந்ததும் வெட்டலாம். ஜினியாவை மொட்டாக வெட்டவே கூடாது: பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், தலை தளர்ந்து ஆடினால் விட்டுவிடுங்கள், விறைப்பாக நின்றால் வெட்டுங்கள். ஜெர்பராவின் காம்பு ரோமம் படர்ந்தது, சீக்கிரம் அழுகுவது. அதற்கு நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும்.

கட்டிய மல்லிகைக்குத் தெளிப்பதைப்போல ஜாடிப் பூவின்மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இதழ்களுக்கிடையே தங்கும் ஈரத்தில் பூசணம்தான் வரும். வாழைப்பழச் சீப்பின் பக்கத்தில் ஜாடி வேண்டாம், பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பல பூக்களை விரைவில் முதுமையாக்கிவிடும். ரோஜாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், பழங்கள் இல்லாத தட்டில். ஆந்தூரியத்தை வைக்காதீர்கள், குளிரில் கருத்துவிடும்.

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, ஜாடியின் உட்சுவரில் நீர்மட்டத்தையொட்டி முட்டையிடும். முட்டைகள் உலர்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பிரஷ் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். மணிபிளான்ட் பாட்டில்களையும் மறந்துவிடாதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டாரிடம் கெஞ்சியே கேட்கிறேன்: அரளியையும் செங்காந்தளையும் ஜாடியில் வைக்காதீர்கள். இரண்டும் முழுச்செடியும் நஞ்சு. அரளி நின்ற தண்ணீரும் நஞ்சேறியது. சாப்பாட்டு மேசையில், எவர்சில்வர் டம்ளரில் அரளிக் கொத்தைச் செருகி வைத்திருந்த ஒரு வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக் குழந்தைக்கு அது தண்ணீர் குடிக்கும் டம்ளர்.