சுட்டிறுக்கல்: ‘சின்டரிங்’குக்குத் தமிழ்

திருகோணமலையில் ‘சின்டரிங்’ என்ற சொல்லைக் கேட்டிராத வீட்டிலும் அந்த முறையில் செய்த பொருளொன்று இருக்கும்: மேசை ஃபானின் தண்டைத் தாங்கும் சின்ன வெண்கலப் புஷ். உலோகத்தூளை அச்சில் அழுத்தி, கட்டியை உருக்கிவிடாமல் சூடாக்கி, துகளோடு துகளை ஒட்டவைப்பதே சின்டரிங். இங்கே தூள் என்றால் உலோகத்தூள். நம் புல்மோட்டைக் கடற்கரைக் கருமணலோ இரும்பும் தைட்டானியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதை அப்படியே அழுத்திச் சுட்டால் உலோகம் வராது.

ஆங்கிலத்துக்கு இச்சொல் ஜெர்மனிலிருந்து வந்தது. அங்கே ‘சின்டர்’ கொல்லுலைக் கழிவு, நம் இரும்புக் கிட்டம். ஆங்கிலச் ‘சிண்டர்’ அதற்கு உடன்பிறப்பு. சாம்பலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சாயலில் அதன் எழுத்து மாறிற்று. நேரே பெயர்த்தால் ‘கிட்டங்கட்டல்’. பொருந்தாது, கிட்டம் கழித்து எறிவது. ‘உருக்கி ஒட்டல்’ என்றால் வெல்டிங் ஆகிவிடும்.

நமக்கு வேண்டிய வினை சூளையிலேயே இருக்கிறது. செங்கல்லைச் சுடுகிறோம், உருக்குவதில்லை. ஆகவே ‘சுட்டிறுக்கல்’. சுடாத கட்டியை ஆங்கிலத்தார் ‘கிரீன்’ என்பர்; சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்கிற நமக்குப் ‘பச்சைக்கட்டி’ தானாகவே விளங்கும்.

புஷ்ஷுக்கு எடையில் செப்புத்தூள் 90 பங்கு, வெள்ளீயத்தூள் 10. அச்சில் ஒட்டாதிருக்கத் துத்தநாக ஸ்டியரேற்று என்ற வழுவழுப்பான தூள் 0.5 முதல் 1 சதவீதம். அழுத்தியெடுத்த பச்சைக்கட்டி சோக்குக்கட்டிபோல உடையும். ஒரு பக்கமாக மட்டும் அழுத்தினால் அச்சுச்சுவரின் உராய்வில் மறுமுனை தளர்ந்துவிடும். மேலும் கீழும் அழுத்த வேண்டும். உலையில் முதலில் ஸ்டியரேற்று மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் வாயு சிக்கிக் கட்டி கொப்பளிக்கும். பிறகு 800–850 பாகை செல்சியஸ், ஐதரசன் கலந்த வாயுவில். காற்றுப் பட்டால் ஒட்சைட்டுப் படலம் துகள்களை ஒட்டவிடாது. 232 பாகையில் வெள்ளீயம் மட்டும் உருகிச் செம்பில் கரையும். 1085 வரை தாங்கும் செம்பு கட்டியின் வடிவத்தைக் காக்கும்.

இப்படிச் சுட்ட புஷ்ஷில் ஏறத்தாழக் கால் பங்கு நுண்துளை. அதில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். தண்டு சுழன்று சூடேறக் கசியும், நின்றதும் உள்வாங்கும்.

கடற்காற்றில் தண்டு துருவேறி ஃபான் இறுகினால், புஷ்ஷைப் பெற்றோலில் கழுவி உட்புறத்தை எமரித்தாளால் தேய்ப்பவர்கள் உண்டு. பெற்றோல் எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடும், தேய்த்தால் துளைகளின் வாய் மூடிவிடும். துருவைத் தண்டில் எடுங்கள். புஷ்ஷைத் துணியால் துடைத்து, 80 பாகையளவு சூடான மெல்லிய மெசின் எண்ணெயில் அமிழ்த்துங்கள். குமிழ் நின்றதும் அடுப்பை அணைத்து, எண்ணெயிலேயே ஆறவிடுங்கள். துளைக்குள் சுருங்கும் காற்று எண்ணெயை இழுத்துக்கொள்ளும். கிறீஸ் பூசாதீர்கள், அது துளையை அடைக்கும்.