விடியலில் முதல் குரல் யாருடையது?

புதர்க்காட்டில் பறவை பார்க்கப் போகிறவர்கள் சூரியன் வந்த பிறகு போய்ச் சேர்ந்தால் பாதிக் கூத்து முடிந்திருக்கும். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே போய் ஒரு புதரை ஒட்டி உட்கார்ந்துவிடுங்கள். பைனாகுலர் பையிலேயே இருக்கட்டும், அந்நேரத்துக்குக் காது போதும்.

எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பதில்லை. கரிச்சான் இருட்டிலேயே கத்தத் தொடங்கிவிடும், வேறு சில நன்றாக விடிந்த பிறகுதான் வாயைத் திறக்கும். இதற்கு ஒரு காரணம் கண். உடலளவோடு ஒப்பிட்டால் பெரிய கண் கொண்ட பாடும் பறவைகள் மங்கல் வெளிச்சத்திலேயே பாட ஆரம்பித்துவிடுகின்றன என்று 2002-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

சரி, எதற்காக அந்த நேரத்தில் பாட வேண்டும்? இரை தேட வெளிச்சம் பத்தாது, பூச்சிகளும் குளிரில் அசையாமல் கிடக்கும். காற்று அடங்கியிருப்பதால் குரலும் சிதையாமல் போய்ச் சேரும். ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் படுவது பசிதான். ஒரு குளிர் இரவைத் தாண்டுவதற்குள் சின்னப் பறவை ஒன்று சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத் தன் எடையில் சுமார் 10 சதவீதம்கூட இழந்துவிடலாம், அந்த வெறும் வயிற்றோடு தொண்டை கிழியப் பாடுகிற ஆண் தனக்கு இன்னும் தெம்பு மிச்சம் இருப்பதைத்தான் பக்கத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் அறிவிக்கிறது. கூடுதல் தீனி வைத்துப் பார்த்த சோதனைகளில் மறுநாள் விடியலில் பாட்டு கூடியிருக்கிறது.

அப்புறம் தவிட்டுக்குருவிகள். இரவெல்லாம் ஒரே கிளையில் ஒட்டி உரசித் தூங்கியவை, வெளிச்சம் வந்ததும் ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிட்டு, பிறகு தரைக்கு வந்து சருகைப் புரட்டும். அதில் ஒன்று மட்டும் புதரின் உச்சிக்கு ஏறிக் காவல் நிற்கும். இதைத் தியாகம் என்று நினைத்துவிட வேண்டாம். அரேபியத் தவிட்டுக்குருவிகளுக்குக் கூடுதலாக இரை கொடுத்துப் பார்த்தபோது, வயிறு நிறைந்தவை அதிக நேரம் காவல் நின்றன. நிறைந்த வயிற்றுக்கு மேலே நிற்பதால் நட்டம் குறைவு, வல்லூறு வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதற்குத்தான்.

வல்லூறு வந்துவிட்டால் பல சிறு பறவைகள் மெல்லிய, நீண்ட ஒற்றைக் கீச்சொலி எழுப்பும். எங்கிருந்து வருகிறது என்று நமக்கே பிடிபடாது, வேட்டைப் பறவைக்கும் அதே பாடுதான். உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டால் நேர் எதிர்: கரகரவென்று வெட்டி வெட்டிக் கத்தும், திசை உடனே தெரியும், ஏனென்றால் மற்றவற்றைத் திரட்டிக்கொண்டு போய் விரட்ட வேண்டுமே. இந்த வேறுபாட்டை 1955-ல் விளக்கியவர் பறவைக் குரல்களை ஆராய்ந்த விலங்கியலாளர் பீட்டர் மார்லர். ஆகவே கரகரச் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் பாருங்கள், காடு சட்டென்று அடங்கினால் வானத்தைப் பாருங்கள்.

எல்லா எச்சரிக்கையும் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரி வறள்நிலத்துக் கரிச்சான், இரையோடு நிற்கும் பறவைகளைப் பொய்யாக அலறி விரட்டிவிட்டு, விட்டுப்போனதைத் தூக்கிக்கொள்ளும். 51 வகை எச்சரிக்கைக் குரல்கள் பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலானவை மற்ற இனங்களிடமிருந்து திருடியவை. ஒரு குரல் பலிக்கவில்லை என்றால் அடுத்த முறை வேறு குரலை எடுக்கும்.